கொங்கு மண்டலத்துக்குப் புளூ காலம் எது? மருத்துவமனைகளைக் கேட்டால் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் தொடங்கியதும் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கங்களில் "அரசு மருத்துவமனையில் காய்ச்சலுக்கு இத்தனை பேர் அனுமதி" என்ற தலைப்பு வாரம் தவறாமல் இடம்பெறுகிறது. அந்தச் செய்தி தவறு என்று சொல்ல வரவில்லை. அந்த எண்ணிக்கையைத் திரட்டிக் கொடுக்கும் வேலையை ஈரோடு மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராகப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும், இன்ஃபுளூயன்சா எனும் புளூ காய்ச்சல் நம் பகுதியில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை அறிய மருத்துவமனைகளை மையமாகக் கொண்ட முறையான கண்காணிப்பு ஏன் தேவை என்பதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் அரசு மருத்துவமனைக்கும் வட்டாரத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் போய், உள்நோயாளிப் பதிவேட்டைப் புரட்டி, காய்ச்சல் என்று எழுதியிருக்கும் வரிகளை மட்டும் நோட்டில் எடுத்துக்கொள்வோம்: பெயர், வயது, ஊர், தொலைபேசி எண், ரத்தத் தட்டணுக்கள் எத்தனை, டெங்குவுக்கான என்எஸ்1 சோதனையில் என்ன வந்தது. நோய் என்ற கட்டத்தில் பெரும்பாலும் "வைரல் பீவர்" என்றோ வெறுமனே "பீவர்" என்றோதான் இருக்கும். ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில் முதல் வரியில் "பீவர்" என்று எழுதிவிட்டுப் பக்கம் முடியும் வரை கீழே மேற்படிக் குறி போட்டிருந்தார்கள். பட்டியலில் உள்ள ஊருக்கு அன்றே போய்ப் பழைய டயரையும் கொட்டாங்குச்சியையும் கவிழ்த்து, தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். டெங்குவைப் பொறுத்தவரை அது சரியான வேலை, இன்றும் நடக்க வேண்டிய வேலை. ஆனால், என்எஸ்1 இல்லை என்று வந்துவிட்ட, இருமலோடும் உடல்வலியோடும் படுத்துக் கிடக்கும் நோயாளிக்கு வந்திருப்பது எது என்று அதற்கு மேல் எவரும் கேட்பதில்லை. அது புளூவாக இருக்கலாம், கோவிட்டாக இருக்கலாம், குழந்தைகளைப் பாடாய்ப்படுத்தும் ஆர்எஸ்வி வைரஸாக இருக்கலாம். மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்துச் சோதிக்காமல் மருத்துவரே ஆனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. "டெங்கு இல்லை" என்ற இரண்டு சொல்லோடு அந்த வரி முடிந்துவிடுகிறது.

சோதனைக்குப் போகும் ஒரு சிலரின் கணக்கு மட்டும் மேலே செல்கிறது. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநில வாரியாக வெளியிட்டுவந்த, பன்றிக்காய்ச்சல் எனப்படும் எச்1என்1 வகைப் புளூவின் அட்டவணையைப் பார்த்தால், 2015ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, ஏறத்தாழ 3 ஆயிரம் பேர் உயிரிழப்பு என்று இருக்கிறது. 2019இல் 28,798 பேர். 2021இல் வெறும் 778 பேர். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடிப் பேருக்குப் புளூ வருகிறது என்பதும், 2 லட்சத்து 90 ஆயிரம் முதல் 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை அதனால் ஏற்படும் சுவாசக் கோளாறில் இறக்கிறார்கள் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் உள்ள நம் நாட்டில் ஓராண்டு முழுவதும் 778 பேருக்குத்தான் வந்தது என்றால், கோவிட் காலத்து முகக்கவசமும் ஊரடங்கும் பரவலைப் பெரிதும் குறைத்திருந்தன என்பது உண்மையே ஆனாலும், அந்த எண் நோயின் அளவு ஆகாது. யார் யாருக்குச் சோதனை செய்தோம் என்பதன் அளவு. லேசான காய்ச்சல் உள்ளவர்களை 'ஏ', இணைநோயோ கடும் காய்ச்சலோ உள்ளவர்களை 'பி', மூச்சுத்திணறல் போன்ற ஆபத்தான அறிகுறி உள்ளவர்களை 'சி' என்று பிரித்து, 'சி' பிரிவினருக்கு மட்டும் சோதனை போதும் என்பதுதான் 2009 முதல் நாம் பின்பற்றிவரும் அரசு வழிகாட்டுதல். சிகிச்சைக்கு அந்த விதி பொருத்தமானது. பரவலை அளக்க அது உதவாது. 2023 தொடக்கத்தில் புளூவின் இன்னொரு வகையான எச்3என்2 பரவி, மார்ச் மாதம் தமிழகமெங்கும் காய்ச்சல் முகாம்கள் நடத்த வேண்டிவந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எச்1என்1க்கு மட்டும் கணக்கு வைத்திருந்த அட்டவணையில் அந்த வகைக்கு இடமே இல்லை.

மருத்துவமனை அடிப்படையிலான கண்காணிப்பு என்று நான் சொல்வது, வருகிற எல்லோருக்கும் சோதனை செய்வதை அல்ல. சில மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுவதும், ஒரே விதிப்படி, குறைந்த எண்ணிக்கையில் மாதிரி எடுப்பதுதான் அது. விதியை உலக சுகாதார நிறுவனம் தெளிவாக வகுத்திருக்கிறது. புறநோயாளியாக வருபவருக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சலும், கூடவே இருமலும், கடந்த 10 நாட்களுக்குள் தொடங்கியிருந்தால் அவர் 'புளூ போன்ற நோய்' உள்ளவர். அதே அறிகுறிகளோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையில் இருந்தால், அவருக்கு இருப்பது 'கடுமையான சுவாசத் தொற்று'. இந்த இலக்கணத்துக்குப் பொருந்துபவர்களில், குறிப்பிட்ட கிழமையில் வரும் முதல் சில பேர் என்பதுபோல, மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் சிபாரிசுக்கோ இடமில்லாத ஒரு முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்து மாதிரி எடுக்க வேண்டும். அதை வைரஸ் கெடாமல் காக்கும் திரவம் உள்ள குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் குளிர்ச்சி கெடாமல் ஆய்வகம் சேர்த்து, ஆர்டி-பிசிஆர் முறையில் எச்1என்1, எச்3என்2, பி என்று வகை பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வாரம் எத்தனை பேர் இலக்கணத்துக்குப் பொருந்தினார்கள், எத்தனை பேருக்கு மாதிரி எடுத்தோம், எத்தனை பேருக்குப் புளூ உறுதியானது என்ற மூன்று எண்களும் வயது வாரியாகப் பதிவாக வேண்டும்.

மூன்றும் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு வாரம் 15 பேருக்குச் சோதித்து 3 பேருக்கும், அடுத்த வாரம் 30 பேருக்குச் சோதித்து 6 பேருக்கும் புளூ இருந்ததாக வைத்துக்கொள்வோம். இன்றைய வழக்கப்படி "ஒரே வாரத்தில் பன்றிக்காய்ச்சல் இருமடங்கு" என்று செய்தி வரும். மெடிக்கல் ஷாப்பில் முகக்கவசம் தீர்ந்துபோகும். உண்மையில் இரண்டு வாரமும் 20 சதவீதம்தான், கூடியது சோதனை. நேர்மாறாக, கண்காணிப்பு மையத்தில் நாலைந்து வாரம் தொடர்ந்து 5, 9, 16, 24 என்று சதவீதம் ஏறினால், சேர்க்கை எண்ணிக்கை சாதாரணமாக இருந்தாலும் அலை தொடங்கிவிட்டது என்று பொருள். (மாதிரி குறைவாக உள்ள மையத்தில் ஒரு வாரத்துச் சதவீதத்தை நம்பிக் குதிக்கக் கூடாது; நாலு வாரத்துச் சராசரியைப் பார்ப்பதுதான் முறை.) பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தைத் தாங்கள் நாள்தோறும் அச்சிடுகிறீர்கள். மலையில் எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஆனாலும் ஒரே இடத்தில், ஒரே அளவுகோலில், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அளப்பதால், 105 அடிக்கு எவ்வளவு குறைவு என்று பார்த்தே கீழ்பவானிப் பாசனக்காரர் நடவு பற்றி முடிவெடுத்துவிடுகிறார். காய்ச்சலுக்கு அப்படி ஓர் அளவுகோல் நம்மிடம் இல்லை. பரபரப்பு வந்தால் சோதிக்கிறோம், அடங்கினால் விட்டுவிடுகிறோம்.

இதில் கொங்கு மண்டலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான். இந்தியாவின் பல நகரங்களில் நடந்த கண்காணிப்பில், புளூவின் உச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதத்தில் வருவதில்லை என்பது தெரியவந்தது. ஸ்ரீநகரில் குளிர்காலம், டெல்லி, புனே, கொல்கத்தா, கேரளத்தின் ஆலப்புழை ஆகிய இடங்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டிய ஜூலை முதல் செப்டம்பர் வரை, சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய அக்டோபர், நவம்பர். ஆலப்புழைக்கும் சென்னைக்கும் நடுவில் இருக்கும் நமக்கு எது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றும் சாரலும் பொள்ளாச்சியையும் கோவையின் மேற்குப் பகுதியையும் நனைக்கின்றன. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் பெரிய தூரமில்லாத தாராபுரமும் காங்கேயமும் அந்த மாதங்களில் காற்றும் புழுதியுமாகக் காய்ந்து கிடந்து, ஐப்பசி மழைக்குக் காத்திருக்கின்றன. ஆகவே மேற்கே ஓர் உச்சமும் கிழக்கே வேறோர் உச்சமும் வரலாம். இரண்டு இடத்திலும் இரண்டு உச்சங்கள் வரலாம். ஊகிப்பதை விட்டுவிட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் அளந்தால் தெரிந்துவிடும்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். தடுப்பூசி போட்டுக்கொள்ளும் மாதம் இதைப் பொறுத்தது. 1952 முதல் இயங்கிவரும் உலகளாவிய இன்ஃபுளூயன்சா கண்காணிப்பு வலையமைப்பில் பல நாட்டு ஆய்வகங்கள் அனுப்பும் வைரஸ்களைப் பார்த்து, அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, வட கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் கோளத்துக்குச் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. நம் நாட்டிலிருந்து புனே தேசிய வைராலஜி நிறுவனம் அதில் பங்கேற்கிறது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். சில மாதங்களில் அது குறையத் தொடங்கும். உச்சம் ஆகஸ்டில் வரும் ஊரில் அக்டோபரில் ஊசி போட்டால், பெரும்பாலோர் படுத்து எழுந்த பிறகு போட்டதாக ஆகும். நவம்பரில் வரும் ஊரில் ஏப்ரலில் போட்டால், தேவைப்படும் நேரத்தில் அதன் வீரியம் குறைந்திருக்கும். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் புளூ ஊசி இல்லாததால், சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் இதைப் பெரும்பாலும் கைக்காசு போட்டே வாங்குகிறார்கள். அவர்களுக்கு மாதத்தைச் சரியாகச் சொல்லவாவது நம்மிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டாமா?

சிகிச்சைக்கும் இது பயன்படும். புளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரையை நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் தரும். "இந்த வாரம் நம் வட்டாரத்தில் இருமலோடு கூடிய காய்ச்சலில் நான்கில் ஒன்று புளூ" என்று தெரிந்தால், ஆபத்து அதிகமுள்ள நோயாளிக்குச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் அதைத் தொடங்கலாம். வைரஸுக்கு ஒன்றும் செய்யாத அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதுவதும் குறையும். ஒழுங்கான கண்காணிப்புக்கு, ஒன்று இல்லை என்று சொல்லும் பலமும் உண்டு. புளூவின் பி வகையில் யமகதா எனப்படும் கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படாததால்தான், தடுப்பூசியில் அது இனித் தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தால் சொல்ல முடிந்தது. தேடிய கணக்கு கையில் இருந்ததால் அது முடிந்தது.

எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கவனம் வேண்டும். பெரிய மருத்துவமனை என்பதால் எல்லாவற்றையும் கோவை நகரிலேயே வைத்துவிடும் ஆசை அதிகாரிகளுக்கு வரும். கோவையின் பெரிய மருத்துவமனைகளுக்குப் பாலக்காடு, நீலகிரி, திருப்பூர், ஈரோடு என்று நாலாபுறமிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். வைரஸ் வகைகளை அறிய அது நல்ல இடம். ஆனால் லட்சம் பேருக்கு எத்தனை பேர் புளூவால் சேர்க்கப்படுகிறார்கள் என்று கணக்கிட வேண்டுமானால், அந்த லட்சம் பேர் யார் என்பதே அங்கே தெரியாது. மக்கள்தொகை தெரிந்த, நோயாளிகள் பெரும்பாலும் அங்கேயே வந்து சேரும் இடங்கள் தேவை. மலைமேல் தனித்திருக்கும் வால்பாறை அரசு மருத்துவமனை அதற்கு மிகப் பொருத்தமானது. சமவெளியில் தாராபுரம், கோபி போன்ற ஊர்கள் பொருந்தும். அங்கும், கடுமையான நெஞ்சுச் சளியோடு படுப்பவர்கள் எந்தெந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று வீடு வீடாக ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினால்தான், நம் மையத்துக்கு வந்தவர்கள் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று தெரியும். தனியார் மருத்துவமனைகளை நம்பியே பழகிய மண்டலம் இது. அவற்றைச் சேர்க்காத கணக்கு பாதிக் கணக்குதான்.

மருத்துவமனைக்கே வராதவர்களை இந்த முறை காணாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் ஒரே அறையில் பல பேராகத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால், ஷிப்டு முடிந்து மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். லீவு போட்டால் கூலி போய்விடும். தீபாவளிக்கு முந்தைய ஆர்டர் நெருக்கடியில் இது இன்னும் அதிகம். அவரை ஓரளவு கணக்கில் கொண்டுவர இ.எஸ்.ஐ. மருந்தகம் ஒன்றையாவது புறநோயாளி மையமாகச் சேர்க்கலாம்.

ஆய்வகம் இல்லை என்ற பழைய காரணத்தை இப்போது சொல்ல முடியாது. முன்பு மாதிரியைச் சென்னை கிண்டி கிங் ஆய்வு நிலையத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த காலம் உண்டு. கோவிட்டுக்குப் பிறகு கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆர்டி-பிசிஆர் வசதி வந்துவிட்டது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர், நாமக்கல், நீலகிரி கல்லூரிகளும் இருக்கின்றன. பதிவு செய்ய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் இணையத் தளம் 2021 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. களப்பணியாளர், மருத்துவர், ஆய்வகம் என்று மூன்று படிவங்கள் அதில் உள்ளன. உண்மையான தட்டுப்பாடு ஆள்தான். 300 ஓ.பி. சீட்டு பார்க்கும் மருத்துவரிடம் படிவத்தையும் நிரப்பச் சொன்னால் மூன்றாவது வாரம் படிவம் காலியாக வரும், அல்லது ஒரே கையெழுத்தில் ஒரே நாளில் நிரம்பி வரும். மையத்துக்கு ஒரு செவிலியரோ ஆய்வக நுட்பனரோ இந்த வேலைக்கென்றே இருக்க வேண்டும்; நிதி கேட்க வேண்டியது அதற்குத்தான். புளூ நோயாளி இருப்பதாக வெளியே தெரிந்தால் ஆள் வரமாட்டார்கள் என்று தயங்கும் தனியார் மருத்துவமனைகளுக்கு, பெயர் எங்கும் வெளியாகாது என்ற எழுத்துப்பூர்வ உறுதியை மாவட்ட நிர்வாகம் கொடுக்கலாம்.

நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளும் பல்லடம், உடுமலை வட்டாரக் கறிக்கோழிப் பண்ணைகளும் உள்ள மண்டலம் நமது. ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வரும்போதெல்லாம் வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்கிறோம். பண்ணையாளின் தொண்டையை யாரும் பார்ப்பதில்லை. எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதருக்கு வருவது மிக அரிது என்றாலும், 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் அதனால் டெல்லியில் இறந்ததை மறக்க முடியாது. கடுமையான சுவாசத் தொற்றோடு சேர்க்கப்படும் ஒவ்வொருவரிடமும் "கோழிப் பண்ணையில் வேலையா, வீட்டில் கோழி செத்ததா" என்ற கேள்வியைப் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். செலவு எதுவும் இல்லை.

நாட்டிலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககமும், 1939ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டமும் கண்ட மாநிலம் நமது. ஆகவே பொதுச் சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள்: கோவை, பெருந்துறை மருத்துவக் கல்லூரிகளை ஆய்வக மையங்களாக வைத்து, வால்பாறை, பொள்ளாச்சி, தாராபுரம், கோபி, நாமக்கல் ஆகிய ஊர்களில் ஊருக்கொரு மருத்துவமனையை, இயன்றால் தனியார் ஒன்றையும் சேர்த்து, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கண்காணிப்பு மையங்களாக அறிவிக்க வேண்டும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இனிக் காய்ச்சல் செய்தி வெளியிடும்போது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேருக்குப் புளூ சோதனை நடந்தது, எத்தனை பேருக்கு உறுதியானது என்று அதிகாரிகளிடம் கேட்டு எழுதுமாறு தங்கள் நிருபர்களிடம் சொல்லுங்கள். சோதனையே நடக்கவில்லை என்று பதில் வந்தால் அதையும் அப்படியே அச்சிடுங்கள். மையங்கள் அமையுமானால் வைகாசியிலேயே, ஆடிக்காற்று எழும் முன்பே, மாதிரி எடுப்பது தொடங்கிவிட வேண்டும். பரபரப்பு வந்த பிறகு ஐப்பசியில் தொடங்கினால் முதல் ஆண்டுக் கணக்கில் தென்மேற்குப் பருவம் முழுவதும் விடுபட்டுப்போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.